தீவக ஓய்வூதியமும் பிரான்ஸ் வருமான வரி அறிக்கையும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் பிறந்து பிரான்சில் குடியிருப்போர், ஊரிலிருந்து தமக்குச் சேரும் ஓய்வூதியம், வாடகை, குத்தகை, வங்கி வட்டி ஆகியவற்றைப் பிரெஞ்சு வரித் துறைக்கு ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும். அந்தக் கடமையும் அதன் நடைமுறையும் இங்கு விளக்கப்படுகின்றன.

ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, அனலைதீவு, நயினாதீவு, நெடுந்தீவு ஆகிய ஊர்களிலிருந்து 1980களில் பலர் வெளியேறினர். 1990–91 இல் இராணுவம் தீவகத்தைக் கைப்பற்றியபோது இன்னும் பலர் போயினர். அவர்களில் ஒரு பகுதியினர் பாரிசிலும் அதன் புறநகர்களிலும் நிலைகொண்டனர். முதலில் போனவர்கள் இளைஞர்கள். அவர்களுக்கு ஊரில் இருந்த வருமானம் சொற்பம். பின்னர் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்த பெற்றோரிடையே ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் தபால் ஊழியர்களும் கிராம சேவகர்களும் இருந்தனர். அரசாங்க ஓய்வூதியமோ, துணைவர் இறந்தபின் கிடைக்கும் விதவைகள் அநாதைகள் ஓய்வூதியமோ அவர்களுக்கு மாதந்தோறும் ஊர் வங்கிக் கணக்கில் விழுகிறது. பாரிசுத் தமிழர் 'இம்போ' என்று சுருக்கமாகச் சொல்லும் வரி விவகாரத்தில் இந்தக் காசு எங்கே பொருந்துகிறது என்பதே கேள்வி.

சட்ட அடிப்படை

பிரெஞ்சுப் பொது வரிச் சட்டக்கோவையின் 4ஏ, 4பி பிரிவுகளின்படி, குடும்பமோ முதன்மை வதிவிடமோ பிரான்சில் இருந்தால், முதன்மைத் தொழிலோ பொருளாதார நலன்களின் மையமோ அங்கு இருந்தாலும்கூட, ஒருவர் அந்நாட்டு வரி வதிவாளர் ஆகிறார். குடியுரிமை எந்த நாட்டினுடையது என்பது இங்கு பொருட்டல்ல. அகதி அட்டை, பத்தாண்டு வதிவிட அட்டை, பிரெஞ்சுக் கடவுச்சீட்டு எதை வைத்திருந்தாலும் உலகில் எங்கிருந்து வரும் வருமானத்தையும் அவர் காட்ட வேண்டும்.

ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளும் வரி அறவிடாமல் காக்க, பிரான்சும் இலங்கையும் 1981 செப்டம்பர் 17 இல் கொழும்பில் ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. இத்தகைய உடன்படிக்கைகளில் நிலம், வீடு ஆகியவற்றின் வருமானத்துக்கு வரி விதிக்கும் உரிமை சொத்து இருக்கும் நாட்டுக்கு உண்டு. அரசுச் சேவைக்கான ஓய்வூதியத்தில் பொதுவாக அதை வழங்கும் நாட்டுக்கே முன்னுரிமை. ஆனால் வரி விதிக்கும் உரிமை வேறு, அறிவிக்கும் கடமை வேறு. உடன்படிக்கை இலங்கைக்கு விட்டுக்கொடுத்த வருமானத்தையும் பிரான்சில் எழுதியே ஆகவேண்டும். அதைச் சேர்த்துத்தான் குடும்பத்தின் வரி வீதம் கணிக்கப்படும். பின்னர் அந்தப் பங்குக்குரிய வரி வரவாகக் கழிக்கப்படும். "அங்கை வரி பிடிக்கேல்லை, அப்ப இங்கை ஏன் சொல்லுவான்?" என்ற வாதம் எந்த வரி அலுவலகத்திலும் எடுபடாது.

படிவங்கள்

வெளிநாட்டு வருமானத்துக்கு 2047 ஆம் இலக்கப் படிவம். அதில் நாடும் வகையும் தொகையும் எழுதி, பின்னர் முதன்மைப் படிவமான 2042 இன் உரிய கட்டங்களுக்கு மாற்ற வேண்டும். பிரெஞ்சு வரிக்குச் சமமான வரவு கிடைக்கும் வருமானம் 8டிகே கட்டத்திலும் வரும். ஆண்டுதோறும் ஏப்ரலில் இணையத்தளம் திறக்கிறது. மாவட்டத்தைப் பொறுத்து மே இறுதிக்கும் ஜூன் தொடக்கத்துக்கும் இடையில் மூடுகிறது. நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலின் ஆனித் திருவிழாவுக்கு விமானச்சீட்டு எடுப்பவர்கள் படிவத்தை அனுப்பிவிட்டுப் புறப்படுவது நல்லது. குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்று கைபேசியில் 2047 நிரப்புவது இலகுவான வேலையல்ல.

தொகையை யூரோவில் எழுத வேண்டும். பணம் கைக்கு வந்த நாளின் மாற்று வீதமே விதி. 2022 இன் தொடக்கத்தில் 50,000 ரூபா ஓய்வூதியம் ஏறத்தாழ 220 யூரோ. ரூபா சரிந்தபின் அதே ஆண்டு மே மாதத்தில் அது 130 யூரோ அளவே. ஆண்டுத் தொகையை ஒரே வீதத்தால் வகுத்தால் கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். ஓய்வூதியத்தில் 10 சதவீதக் கழிவு வரித் துறையே தானாகச் செய்வது. அதை முன்கூட்டிக் கழித்து எழுதக் கூடாது.

தனியார் துறையில் வேலைசெய்தோருக்கு ஊழியர் சேமலாப நிதி (1958), ஊழியர் நம்பிக்கை நிதி (1980) ஆகியவற்றின் பணம் மாதாமாதம் அல்ல, ஒரே தடவையில் கிடைக்கிறது. பிரான்சில் குடியேறிய பின் அது கைக்கு வந்தால், அதுவும் ஓய்வூதிய வகையிலேயே சேரும்.

மகனின் வீட்டில் ஒரே கூரையின் கீழ் வாழும் தாய் மகனின் படிவத்தில் அடங்குவார் என்பது பரவலான தப்பெண்ணம். 80 சதவீத இயலாமை அட்டை இல்லாத பெற்றோரை அவ்வாறு சேர்க்க முடியாது; தாய் தன் பெயரில் தனிப் படிவம் நிரப்ப வேண்டும். வரி எண் இல்லாதவர் முதலில் அதைப் பெற வேண்டும்.

கணக்கு என்னும் கண்ணி

உண்மையில் சிக்கல் வருவது ஓய்வூதியத்தில் அல்ல. மாதம் 50,000 ரூபா வாங்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் அண்மைய வீதத்தில் 2,000 யூரோவையும் எட்டாது. வேறு வருமானம் இல்லையேல் அதற்கு வரி வராது. அந்தப் பணம் விழும் ஊர்காவற்றுறை வங்கிக் கணக்குத்தான் தனியே அறிவிக்கப்பட வேண்டியது. 3916 ஆம் படிவத்தில் வங்கியின் பெயர், முகவரி, கணக்கு இலக்கம், திறந்த திகதி எழுதி, முதன்மை அறிக்கையில் 8யூயூ கட்டத்தைக் குறியிட வேண்டும். தவறினால் கணக்கொன்றுக்கு ஆண்டுக்கு 1,500 யூரோ தண்டம். ஓய்வூதியத்துக்கு வரி பூச்சியம், கணக்குக்குத் தண்டம் ஆயிரத்து ஐந்நூறு என்பது புதிதாய் வந்த முதியவருக்கு விளங்காத நியாயம்.

2018 அக்டோபர் 23 ஆம் திகதிச் சட்டம் வருமுன், அந்த ஆண்டில் திறந்த, பயன்படுத்திய, மூடிய கணக்குகளை மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. 2019 முதல் வெறுமனே வைத்திருக்கும் கணக்கையும் சொல்ல வேண்டும். ஊரை விட்டுப் போகுமுன் திறந்து மறந்துபோன சேமிப்புப் புத்தகமும் இதில் அடங்கும். பெயர் தாயுடையதாக இருந்தாலும், அற்றோணித் தத்துவம் பெற்று அதை இயக்கும் பிள்ளை பிரான்சில் இருந்தால், அவரும் அறிவிக்க வேண்டிய நிலை வரலாம். நிலையான வைப்பின் வட்டி படிவத்தில் வேறு கட்டத்தில் வருகிறது. இலங்கை வங்கிகள் 2023 ஜனவரி முதல் 5 சதவீதமும் 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதமும் பிடித்துக்கொள்வதற்கான சான்றிதழை வாங்கி வைத்தால் பிரான்சில் பயன்படும்.

காணி, வாடகை, உண்டியல்

வேலணைத் தோட்டக்காணியின் குத்தகையும் யாழ்ப்பாண நகரில் வாங்கிய வீட்டின் வாடகையும் படிவத்தின் காணி வருமானப் பிரிவில் வரும். சீதனமா முதுசமா என்று யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை பிரித்தாலும், கணவன் மனைவி ஒரே அறிக்கை நிரப்பும் பிரான்சில் அது பெரிதாக மாற்றம் தராது. யார் பெயரில் உறுதி என்பதை ஆவணங்களில் மட்டும் தெளிவாக வைத்திருக்க வேண்டும்.

எதிர்த் திசையிலும் பணம் போகிறது. நெடுந்தீவில் வசதியின்றி வாழும் பெற்றோருக்கு அனுப்பும் தொகையை, தேவை நிரூபிக்கப்பட்டால், பிரெஞ்சு வருமானத்திலிருந்து கழிக்கலாம். இலங்கையின் வாழ்க்கைச் செலவையும் அதிகாரிகள் கணக்கில் எடுப்பார்கள். கிராம சேவகரின் வருமான உறுதிக் கடிதமும் வங்கி மூலம் அனுப்பிய பற்றுச்சீட்டும் வேண்டும். வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பிய காசுக்குச் சீட்டு இல்லை; ஆகவே கழிவும் இல்லை.

உதவித்தொகையும் திரும்பிப் போதலும்

பிரான்சுக்கும் இலங்கைக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கை கிடையாது. இரு நாட்டுச் சேவைக்காலத்தையும் கூட்டி ஓய்வூதியம் கேட்க முடியாது. குறைந்த ஓய்வூதியம் பெறும் முதியோருக்கு உள்ள ஒருமைப்பாட்டு உதவித்தொகை, பேச்சில் 'அஸ்பா', வரிக்கு உட்பட்டதல்ல. ஆனால் அதைக் கோரும்போது கொழும்பு ஓய்வூதியத்தையும் ஊர்ச் சொத்தையும் சொல்ல வேண்டும். 2023 செப்டம்பரிலிருந்து ஆண்டில் ஒன்பது மாதங்களுக்கு மேல் பிரான்சில் இருப்பதும் நிபந்தனை. மழைக்காலம் முடிந்து வந்து ஆனித் திருவிழா வரை தீவில் தங்கும் பழக்கமுள்ளோருக்கு இந்தக் கணக்கு இடிக்கும்.

வேலைக்காலம் முடிந்து நிரந்தரமாகத் தீவகம் திரும்புவோர் பிரெஞ்சு ஓய்வூதியத்தைத் தொடர்ந்து பெறுவர். அவர்களின் வரி விடயங்களை நுவாசி-லெ-கிராண்டில் உள்ள வதியாதோருக்கான வரி அலுவலகம் பார்க்கிறது. பிரான்சிலிருந்து பெறும் ஓய்வூதியத்தில் படிப்படியாக 0, 12, 20 சதவீதம் மூலத்திலேயே பிடிப்பது வழமை. ஆண்டுதோறும் உயிர்வாழ்வுச் சான்றிதழும் அனுப்ப வேண்டும். பிரான்சில் வாழும் இலங்கை ஓய்வூதியர் தூதரகத்தில் கையொப்பம் வாங்கி ஓய்வூதியத் திணைக்களத்துக்கு அனுப்புவதும் அத்தகைய சான்றிதழ்தான்.

தவறிவிட்டவர்களுக்கு வழி அடைக்கப்படவில்லை. கோடையில் இணையத்திலேயே அறிக்கையைத் திருத்தும் வசதி திறக்கப்படுகிறது. அதற்கு முந்திய ஆண்டுகளுக்குத் தானாக முன்வந்து கடிதம் எழுதித் திருத்தினால் தாமத வட்டி பாதியாகக் குறைக்கப்படும். வழக்கமாக மூன்று ஆண்டுகளுக்குப் பின்னோக்கிப் பார்க்கும் வரித் துறை, அறிவிக்கப்படாத வெளிநாட்டுக் கணக்கு விடயத்தில் பத்து ஆண்டுகள் வரை போகலாம்.