ஒரே திரை, ரெண்டு கை

எங்க குளத்தூர் பக்கம் ஆடுபுலி ஆடுறது ரெண்டு பேரு, சுத்தி நின்னு யோசனை சொல்றது பத்து பேரு. இத்திஷ் மொழியில அதுக்கு ஒரு சொல்லே இருக்கு: கிபிட்ஸ். டான் லீபிஸ் எழுதின எக்ஸ்பெக்ட் மென்பொருளோட வர்ற ஒரு நிரலுக்கும் அதே பேருதான். வேற கணினியில இருக்கறவரும் நம்ம யூனிக்ஸ் டெர்மினல்ல சேர்ந்து தட்டலாம்.

சரி, மேட்டருக்கு வருவோம். அவர் தட்டுறது நம்ம கணக்குலதான் ஓடும். அவர் அழிச்சா நம்ம கோப்புதான் போகும்!

1987-ல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல லாமானும் போர்மானும் எழுதின 'ஸ்கிரீன்', பின்னாடி பலர் சேரும் வசதி வந்தப்ப இதுக்கும் வழி வச்சது. யார் உள்ளே வரலாம், யார் பார்க்க மட்டும் செய்யலாம்னு பட்டியல் போடலாம். ஒரு ஜன்னலுக்கு முதல்ல வந்தவர் கையிலதான் எழுதுற உரிமை.

ஆனா வேறவேற பயனர்கள் சேரணும்னா ஸ்கிரீனுக்கே ரூட் அதிகாரம் கொடுக்கணும். அப்படி நிறுவின 5.0.0 பதிப்புல சாதாரணப் பயனரும் ரூட் ஆகிடலாம்னு 2025 மே மாசம் சூசே பாதுகாப்புக் குழு வெளியிட்டாங்க. 2007-ல் வந்த டிமக்ஸுக்கு அந்த ரூட் தேவையில்லை.

தூரத்துல இருக்கற ஜூனியருக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியலை. பார்க்க விடுறது தாராளமா இருக்கட்டும் மக்கா, தட்ட விடுறதுல கொஞ்சம் கஞ்சத்தனம் நல்லது :-)