உட்காரச் சொன்ன உத்தியோகத்தர்

இன்றைய இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களை உள்ளடக்கிய சபரகமுவ மலைகளில், முதலில் கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்கும் ரப்பருக்குமாகவும் காடு வெட்டித் தோட்டம் திறந்த காலத்தில், தமிழகத்துக் கிராமங்களிலிருந்து வந்து லயங்களில் குடியேறிய தொழிலாளிக்குச் சட்டம் ஒரே முகத்தோடுதான் காட்சியளித்தது. அது தண்டிக்கும் முகம். 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டு நீங்கியவன் குற்றவாளியாகவே கருதப்பட்டு மூன்று மாதம் வரை சிறைவாசம் அனுபவிக்க நேர்ந்தது. களவெடுத்தவனுக்கும் கலகம் செய்தவனுக்கும் உரிய சிறையில், சம்பளம் கிடைக்காமையால் வேறு தோட்டத்தைத் தேடிப் போனவனும் அடைக்கப்பட்டான். போக விரும்புகிறவனிடம் அவனுடைய கடன் விவரம் எழுதிய ‘துண்டு’ இருக்கவேண்டும். துண்டு இல்லாதவனை வேறு எந்தத் துரையும் ஏற்கமாட்டார். இவற்றோடு, துரைமாரில் சிலர் சமாதான நீதவான்களாகவும் பதவி வகித்தார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், வேலை வாங்குபவரும் விசாரணை செய்பவரும் ஒரே வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள் என்ற எண்ணம் லயத்தில் வேரூன்றியதில் வியப்பில்லை.

அக்காலத்தில் அதிகாரியைக் காணச் செல்வதற்கென்று ஓர் ஆயத்தம் இருந்தது. தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, காலில் செருப்பின்றி, கையைக் கட்டியபடி தோட்ட ஆபீசின் ஜன்னலுக்கு வெளியே நிற்கவேண்டும். உள்ளேயிருந்து கேள்வி வந்தால் கங்காணி பதில் சொல்லுவார். தன் வழக்கைத் தானே சொல்லுவது துணிச்சல் என்றும் அடங்காமை என்றும் கொள்ளப்பட்டது. பேச வேண்டியவன் பேசாமலிருப்பதே அந்த ஆயத்தத்தின் சாரம். இதனை நான் விரித்துச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. சட்டங்கள் மாறிய பின்பும் இந்தப் பழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்குப் பிதுரார்ஜிதம்போல இறங்கி வந்திருக்கிறது.

தொழிலாளியைச் சிறையிலடைக்கும் அந்த அநீதிக்கு எதிராக வாதாடியவர்களுள் முதன்மையானவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். 1915இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தை நிறுவிய அப்பெரியார், ஏழைத் தொழிலாளரும் அவர்களுடைய பெண்டிரும் ஒப்பந்த மீறலுக்காகச் சிறை புகுவது நாகரிக ஆட்சிக்கு அவமானம் என்று ஓயாமல் எடுத்துரைத்தார். 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. வேலையை விட்டவனுக்குச் சிறை என்னும் கொடுமையும் அக்காலத்தோடு நீங்கிற்று. ஆயினும் தண்டிக்கும் முகம் அகன்றதேயன்றி, அதனிடத்தில் வேறொரு முகம் உடனே தோன்றிவிடவில்லை.

அம்முகம் தோன்றிய வரலாறு கடல் கடந்து தொடங்குகிறது. 1841ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தில், ஜோன் அகஸ்டஸ் என்ற சப்பாத்துத் தொழிலாளி, குடிவெறிக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒருவனைத் தம் பொறுப்பில் பிணையெடுத்து, சில வாரங்கள் கூட இருந்து நல்வழிப்படுத்தி, திருந்திய மனிதனாக மீண்டும் நீதிபதியின் முன் கொண்டு நிறுத்தினார். அன்று தொடங்கித் தாம் இறக்கும்வரை அநேகரை அவர் இவ்வாறே மீட்டார். அந்தத் தனிமனிதரின் தர்மம் நாளடைவில் சட்டமாகி, 1907இல் இங்கிலாந்தின் பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தில், குற்றவாளிக்கு ஆலோசனை சொல்லுவதும் உதவுவதும் நண்பனாயிருப்பதும், வேண்டியபோது தொழில் தேடிக் கொடுப்பதும் அவனைப் பொறுப்பேற்கும் நன்னடத்தை உத்தியோகத்தரின் கடமைகள் என்று விதிக்கப்பட்டது. ஓர் அரசாங்க உத்தியோகத்தருக்கு நட்பைக் கடமையாக விதித்த சட்டம் உலகில் அபூர்வமானது.

இலங்கையில் 1939ஆம் ஆண்டின் சிறுவர், இளைஞர் கட்டளைச் சட்டத்தைத் தொடர்ந்து, 1944ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கக் குற்றவாளிகள் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் இந்தக் கொள்கையை நாட்டின் நீதிமுறையில் நிலைநாட்டிற்று. தமிழில் நாம் ‘நன்னடத்தை’ என்று அடையவேண்டிய பயனைக் குறித்துச் சொல்லுவதைச் சிங்களத்தார் ‘பரிவாச’ என்கிறார்கள். அது பௌத்த விநய நூல்களின் சொல். பாரதூரமான குற்றமொன்றைச் செய்து அதை மறைத்த பிக்கு, எத்தனை நாள் மறைத்தாரோ அத்தனை நாள் சில நியமங்களுக்குட்பட்டுத் தனித்து வாழ்ந்து, பின்னர் ஆறு இரவுகள் வேறொரு விரதம் காத்து, இருபது பிக்குகளுக்குக் குறையாத சபையின் சம்மதத்தோடு மீண்டும் சங்கத்தில் சேர்த்துக்கொள்ளப்படுவார். அவர் விகாரையை விட்டுத் துரத்தப்படுவதில்லை; எல்லாருடைய கண்ணெதிரிலும் அங்கேயே வாழ்ந்துதான் மீளுகிறார். சிவனொளிபாத மலையின் அடிவாரத்து மாகாணத்தில் இந்தப் பழஞ்சொல் நீதிமன்றக் காகிதத்தில் எழுதப்படுவதை நான் பொருத்தமாகவே கருதுகிறேன். குற்றம் செய்தவனை ஊரிலிருந்து பிரித்துவிடாமல் ஊருக்குள்ளேயே வைத்துத் திருத்தலாம் என்ற எண்ணம், மேல்நாட்டிலிருந்து வந்த புதுமையென்று நாம் நினைப்பதற்கு வெகுகாலம் முன்பே இந்நாட்டில் அறியப்பட்டிருந்தது.

1956இல் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களம் தனியே அமைந்தது. அதே 1956இல்தான் சிங்களம் மட்டுமே அரசகரும மொழி என்ற சட்டமும் நிறைவேறிற்று. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது என் மனம் கனக்கிறது. தோட்டத்து இளைஞனின் கதையைக் கேட்டறிவதையே தொழிலாகக் கொண்ட உத்தியோகத்தருக்கென்று தனித் திணைக்களம் உருவாகிய அதே ஆண்டில், அந்தக் கதையைச் சொல்லக்கூடிய மொழிக்கு அரசாங்க அலுவலகத்தின் கதவு மூடப்பட்டது. 1948இன் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராகிவிட்டிருந்த மக்களுக்கு இது இரண்டாவது அடி.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டியாந்தோட்டைப் பகுதியின் ரப்பர்த் தோட்டமொன்றில், மறுநாள் நன்னடத்தை உத்தியோகத்தரை முதன்முதலாகச் சந்திக்கவிருந்த ஓர் இளைஞனின் வீட்டில் ஒரு மாலைப்பொழுது இருந்தேன். ஒட்டுப்பால் திருடியதாக வழக்கு. அவனும் அதை மறுக்கவில்லை. தாயார் தகரப்பெட்டியைத் திறந்து, பொலித்தீன் பையில் மடித்து வைத்திருந்த பத்திரங்களை ஒவ்வொன்றாகப் பாயில் பரப்பினார். பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் அவன் பெயர் ஒரு விதமாகவும், பாடசாலைச் சான்றிதழில் வேறு விதமாகவும், தோட்டத்துச் செக்ரோலில் மூன்றாவது விதமாகவும் எழுதப்பட்டிருந்தது. பையனோ பால் காய்ந்து கறுத்த விரல் நுனிகளில் தேங்காய் எண்ணெய் தேய்த்து உரித்துக்கொண்டிருந்தான். தோட்டத் தலைவர் வாசலில் நின்றபடி உபதேசித்தார்: “தம்பி, மாத்தியா என்ன கேட்டாலும் ‘சரிங்க’ன்னு மட்டும் சொல்லு. நீயா ஒண்ணும் பேசாத. மத்ததை நான் சொல்லிக்கிறேன்.”

நூறு வருஷத்துக்கு முந்திய கங்காணியின் குரல்தான் அது. அந்தத் தலைவர் நல்ல மனிதர்; ஒரு நாள் சம்பளத்தை இழந்து பையனுக்குத் துணையாகப் போகிறவர். ஆனால் அவர் கற்பித்த ஆயத்தம் துரையின் ஜன்னலுக்கு உரியது. இந்த உத்தியோகத்தரின் மேசைக்கு அது உதவாது. ஏனெனில் இவர் கேட்பது குற்றத்தைப் பற்றி மட்டுமன்று. வீட்டில் எத்தனை பேர், யார் சம்பாதிக்கிறார்கள், தந்தை குடிப்பவரா, தாய் வெளிநாட்டில் இருக்கிறாரா, எந்த வகுப்போடு படிப்பு நின்றது, ஏன் நின்றது, யாரோடு சேருகிறான், எந்த வேலை தெரியும் என்றெல்லாம் விசாரித்து, லயத்துக்கே வந்து பார்த்து, நீதவானுக்கு அறிக்கை எழுதவேண்டியவர் அவர். ‘சரிங்க’ என்ற பதில் அந்த அறிக்கையில் வெற்றிடமாகத்தான் விழும்.

மறுநாள் நானும் கூடப் போனேன். அலுவலகத்தில் இருந்தவர் நடுத்தர வயதுடைய சிங்களப் பெண்மணி. அவர் முதலில் சொன்னது, “புத்தா, வாடி வென்ன” என்பது; மகனே, உட்காரு என்று பொருள். பையனுக்குச் சிங்களம் தெரியும். தெரிந்தும் கையைக் கட்டியபடி நின்றுகொண்டேயிருந்தான். அலுவலக அறையொன்றில் நாற்காலியைக் காட்டி அவனை உட்காரச் சொன்னவர் அதற்கு முன் எவரும் இல்லை. அவர் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்ட பிறகே அதன் விளிம்பில் உட்கார்ந்தான். தலைவர் பேசத் தொடங்கியபோது, பையன் சொல்லட்டும் என்று அந்த அம்மையார் கையமர்த்தினார். கடைத்தெருச் சிங்களம் அறிந்தவனுக்குத் தன் தந்தை இறந்த விதத்தைச் சொல்லச் சிங்களம் போதவில்லை. பாதியில் தமிழுக்கு வந்தான். அம்மையாருக்குத் தமிழ் சில சொற்களே தெரிந்தபடியால் நான் மொழிபெயர்த்தேன். நான் போகாதிருந்தால் யார் மொழிபெயர்த்திருப்பார் என்ற கேள்வி இன்றளவும் என்னை விட்டு நீங்கவில்லை.

சட்டத்தில் அதற்கு விடை இருக்கிறது. 1987இன் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியதோடு, நன்னடத்தைச் சேவையை மாகாண சபைகளின் பொறுப்பில் விட்டது; சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள இடத்திலும் ஒருவர் உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றவும் தமிழில் கடிதம் பெறவும் உரித்துடையவர் என்று 1988இன் பதினாறாம் திருத்தம் தெளிவுபடுத்திற்று. இந்த உரித்து இரத்தினபுரிக்கும் கேகாலைக்கும் முழுமையாகப் பொருந்தும். ஆனால் 1977லும் 1981லும் இரத்தினபுரித் தோட்டங்களில் நடந்த வன்செயல்களில் லயங்கள் எரிந்து, உறவினர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடம்பெயர, எஞ்சி நின்ற குடும்பங்களுக்கு உரித்தைக் கேட்டுப் பெறும் துணிவு அவ்வளவு எளிதில் வருவதன்று. குரலைத் தாழ்த்தி வாழ்வதைப் பிழைக்கும் வழியாகக் கற்றவர்கள் அவர்கள்.

ஆகவே தோட்டத் தலைவர்களையும் ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்ளுகிறேன். உங்கள் லயத்துப் பிள்ளை ஒருவன் இந்தச் சந்திப்புக்குப் போக நேர்ந்தால், முதல்நாள் மாலையில் அவனை உட்கார வைத்து அவன் கதையை அவன் வாயாலேயே சொல்லச் செய்யுங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லப் பழக்குங்கள். பெயர் மூன்று விதமாக இருந்தால் மூன்று பத்திரங்களையும் கொண்டுபோய்க் காட்டச் சொல்லுங்கள். கடிதங்கள் தோட்ட ஆபீஸ் வழியாகவே வருமானால், திகதி தவறாமலிருக்க அங்கே நாள்தோறும் போய் விசாரியுங்கள். தமிழில் பேச வேண்டுமென்று முதலிலேயே கேட்கச் சொல்லுங்கள். மாகாண சபையாரோ, தமிழ் அறிந்த நன்னடத்தை உத்தியோகத்தர்களைத் தோட்டப் பகுதிகளுக்கு நியமிக்கவேண்டும். நியமிக்கும்வரை மொழிபெயர்ப்பாளர் ஒருவரையாவது அந்த மேசையருகில் அமர்த்தவேண்டும்.