அளவீட்டிலிருந்து செவிமடுத்தலுக்கு: கார்ல் றொஜர்ஸின் பாதை

அமெரிக்க உளவியலாளர் கார்ல் றொஜர்ஸ் (1902–1987) ஆய்வைத் துறந்தே மனிதநேய உளச்சிகிச்சைக்கு வந்தாரெனக் கொள்வது பொருந்தாது. 1931இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் அவர் கலாநிதிப் பட்டம் பெற்ற ஆய்வு, சிறுவரின் ஆளுமைப் பொருத்தப்பாட்டை அளவிடுவதாக அமைந்தது. ஆயின், 1928 முதல் 12 ஆண்டுகள் றொச்செஸ்ரர் நகரில் இடர்ப்பட்ட சிறுவரோடும் பெற்றோரோடும் பெற்ற அனுபவம், நிபுணரின் தீர்ப்பைவிடத் துன்புறுபவரின் சொல்லே வழிகாட்டும் என அவருக்கு உணர்த்தியது.

1942இல் வெளிவந்த நூலில் ‘நோயாளி’ என்பதற்குப் பதிலாகத் ‘துணைநாடி’ எனும் பொருள்படும் சொல்லை ஆண்டார். ஒலிப்பதிவு செய்யப்பெற்ற சிகிச்சையொன்றை முழுமையாக அச்சேற்றினார். 1945இன் பின்னர் சிக்காகோப் பல்கலைக்கழகத்தில் சிகிச்சையின் விளைவுகளையே ஆய்வுக்குட்படுத்தினார். மூடிய அறையுள் நிலவிய நிபுணத்துவ அதிகாரம் இவ்வாறு பிறர் பரிசீலனைக்குத் திறக்கப்பட்டது. துன்பத்தின் சமூக வேர்களை அம்முறை போதியளவு நோக்கவில்லை என்பது ஏற்புடைய விமர்சனமே. எனினும், செவிமடுத்தலையும் சான்றையும் ஒன்றிணைத்தமையே அவரது வரலாற்றுப் பங்களிப்பாகும்.