மலை மணமும் மாதத்தின் பின்பாதியும்: பாலக்காடு, இடுக்கி எல்லையை முன்வைத்து

மாதவிடாய்க்கு முந்தைய நாட்களின் கடுந்துயரை மணத் தாவரங்களால் தணிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பின்னால் இரண்டு வரலாறுகள் இருக்கின்றன. தாவரத்தின் வரலாறு பெருமளவு மேற்குத் தொடர்ச்சி மலையில் நடந்தது. நோயின் வரலாறு நியூயார்க்கிலும் லண்டனிலும் எழுதப்பட்டது. இவை சந்தித்தது மிக அண்மையில்தான். அதற்கு முந்தைய வீட்டு மருத்துவத்தை இந்தச் சந்திப்பின் தொடக்கமாகக் காட்டுவது பிழை என்பது இக்கட்டுரையின் வாதம்.

பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு போகும் சாலையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியின் இரு பக்கமும் தமிழ் பேசும் வீடுகள்தான். தெற்கே இடுக்கியின் உடும்பஞ்சோலை, பீர்மேடு, தேவிகுளம் வட்டாரங்களிலும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். கம்பம், போடிப் பக்கத்துப் பெண்கள் ஜீப்பில் மலையேறி ஏலக்காய் எடுத்துவிட்டு வருகிறார்கள். இந்த வீடுகளின் கைவைத்தியம் நாமறிந்ததே: ஓமத்தண்ணீர், பெருங்காயம் கரைத்த மோர், சுக்குமல்லிக் காபி, நொச்சித்தழை வேது. இவற்றைக் கூர்ந்து பார்த்தால், இலக்கு வயிற்றுவலியும் இடுப்புக் கடுப்பும் வாயுவும் தலைபாரமுமே. வீட்டுக்குத் தூரமான நாட்களுக்கு உரிய மருந்துகள் இவை. அதற்கு முந்தைய வாரத்தின் காரணமற்ற அழுகை, எரிச்சல், தூக்கமின்மை, வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் ஆகியவை இந்தப் பட்டியலுக்குள் வரவில்லை. அந்த வாரத்துக் கோபத்தைக் குணம் என்று சொல்லிக் கடந்துபோன வீடுகளே அதிகம்.

தாவரங்களின் பக்கம் ஆவணங்கள் செழிப்பாக உள்ளன. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’, டச்சு ஆளுநர் வான் ரீடுக்கு இட்டி அச்சுதன் முதலான உள்ளூர் வைத்தியர்கள் தந்த அறிவில் நின்றது. அடுத்த பெரிய திருப்பம் வணிகத்தால் வந்தது. எலுமிச்சைப்புல்லிலிருந்து வடித்த புல்தைலம் ‘கொச்சி எண்ணெய்’ என்ற பெயரில் கப்பலேறியது. அதன் பெரும்பகுதி சிட்ரால் என்ற மணப்பொருள். 1893இல் ஜெர்மானிய வேதியியலாளர் டீமானும் குரூகரும் சிட்ராலிலிருந்து வயலட் பூவின் மணம் கொண்ட அயனோனைச் செய்து காட்டினர். அதன் பிறகு நம் மலைச்சரிவுப் புல் ஐரோப்பிய வாசனைத் தொழிலுக்கு மூலப்பொருளாயிற்று. 1951இல் பெரும்பாவூர் அருகே ஓடக்காலியில் எலுமிச்சைப்புல் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது; ‘சுகந்தி’ என்ற ரகம் அங்கே பிறந்தது. 1956இல் இடுக்கியின் பாம்பாடும்பாறையிலும், 1978இல் மயிலாடும்பாறையிலும் ஏலக்காய்க்கு ஆராய்ச்சி நிலையங்கள் வந்தன. விளைச்சல், நோய்த்தடுப்பு, எண்ணெயின் அளவு ஆகியவற்றில் இந்நிலையங்களின் உழைப்பு மதிப்புக்குரியது. ஆனால் ஏலம் எடுக்கும் பெண்ணின் உடல்நலம் அவற்றின் ஆய்வு எல்லைக்கு வெளியே இருந்தது.

நோய்க்குப் பெயர் கிடைத்தது 1931இல். மாதவிடாய்க்கு ஏழு முதல் பத்து நாள் முன்பு தொடங்கி, உதிரம் கண்டதும் விட்டுவிடும் தாங்கமுடியாத மன இறுக்கத்தை நியூயார்க் மருத்துவர் ராபர்ட் ஃபிராங்க் விவரித்தார். 1953இல் லண்டனில் கேத்தரினா டால்டனும் ரேமண்ட் கிரீனும் அதை ஒரு நோய்க்குறித் தொகுப்பாக நிறுவினர். அதன் மிகக் கடுமையான வடிவத்தை (Premenstrual Dysphoric Disorder, சுருக்கமாகப் பி.எம்.டி.டி.) அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 1994இல் இப்பெயரில் பின்னிணைப்பில் வைத்தது, தனி நோயாக ஏற்க 2013 ஆயிற்று. இடையில், 1998இல் பீட்டர் ஷ்மிட் குழு வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. இந்தப் பெண்களின் ஹார்மோன் அளவு இயல்பாகவே இருந்தது. அதற்கு மூளை காட்டிய எதிர்வினைதான் வேறுபட்டது. புரோஜெஸ்டிரோன் சிதைந்து உண்டாகும் அல்லோபிரெக்னனோலோன் மூளையின் காபா-ஏ ஏற்பிகளில் செயல்படுகிறது. வழக்கமாக அமைதி தரும் அப்பொருள் சிலரிடம் பதற்றத்தைக் கிளப்புகிறது.

வாசனை உள்ளே நுழைவது இங்கேதான். 2018இல் ஜப்பானின் ககோஷிமா பல்கலைக்கழகத்தில், லினலூல் என்ற மணப்பொருளை முகர்ந்த எலிகளின் பதற்றம் குறைந்தது. முகரும் திறன் இழந்த எலிகளிடம் அந்தப் பலன் இல்லை. காபா-ஏ ஏற்பியில் பதற்றம் தணிக்கும் பென்சோடயசெபின் மருந்துகள் அமரும் இடத்தை வேறொரு மருந்தால் மறித்தபோதும் பலன் மறைந்தது. லாவெண்டரில் உள்ள இந்த லினலூல்தான் நம் கொத்தமல்லி விதை எண்ணெயின் முதன்மைக் கூறு. இந்த ஒற்றுமை என்னை ஈர்க்கிறது. ஆனாலும் எலி வேறு, பெண் வேறு. கொதிக்கவைத்துக் குடிக்கும் சுக்குமல்லிக் காபியும் மூக்கின் வழி நடந்த அந்தச் சோதனையும் ஒன்றல்ல.

பெண்களிடம் நடந்த சோதனைகளில் தமாக்கி மட்சுமோட்டோ குழுவின் 2013ஆம் ஆண்டு ஆய்வு கவனமானது. மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் 17 இளம்பெண்கள் லாவெண்டரைப் பத்து நிமிடம் முகர்ந்தனர். மனச்சோர்வும் குழப்பமும் குறைந்தன. இதயத் துடிப்பின் ஏற்ற இறக்கமும் அமைதியைக் காட்டியது. ஆனால் பங்கேற்றவர்களின் தொல்லை லேசானதும் மிதமானதுமே. ஈரானில் ரோஜா எண்ணெயைக் கொண்டு நடந்த ஆய்வும் நம்பிக்கை தருகிறது. எனினும் மணத்தை மறைத்துப் போலி மருந்து கொடுக்க இயலாது என்ற குறை இத்துறை முழுவதிலும் உண்டு.

கடும் நிலைக்கு இன்று உறுதியான சான்றுள்ளவை ஃபுளுவாக்ஸெட்டின் போன்ற மருந்துகளே. அமெரிக்காவில் ஃபுளுவாக்ஸெட்டின் இந்நோய்க்கு 2000இல் அனுமதி பெற்றது. மணம் இத்தகைய மருந்துகளுக்குத் துணையாகலாம், மாற்றாகாது. புல்தைலத்தையோ ஏல எண்ணெயையோ சொட்டாகக் குடிப்பது ஆபத்து. சாக வேண்டும் என்று தோன்றும் பெண்ணை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

இந்நோயை உறுதிசெய்ய இரண்டு மாதச் சுழற்சிக்கு அறிகுறிகளை அன்றாடம் குறித்துவைக்க வேண்டும். ஏலத்தோட்டத்திலும் கோபாலபுரத்துத் தென்னந்தோப்பிலும் வேலை செய்யும் பெண்கள் நிரப்பக்கூடிய படிவத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் ஆரம்ப சுகாதார நிலையங்கள் கொடுக்கலாம். கொத்தமல்லி மணமோ ஏல மணமோ கடும் துயரில் உதவுகிறதா என்பதை, அந்தக் குறிப்புகள் கையில் வந்தபின்தான் சோதிக்க முடியும்.