விஜயா வாகினி இருந்த இடம்
சினிமாக்காரர்கள் கோடம்பாக்கம் என்று சொல்வது பெரும்பாலும் வடபழனியைத்தான். ஏவி.எம். 1948ல் காரைக்குடியிலிருந்து அங்கேதான் வந்தது. 2023ல் அதே வளாகத்தில் ஒரு பாரம்பரிய அருங்காட்சியகம் திறந்தார்கள். பழைய கேமராக்கள், கார்கள், பைக்குகள் எல்லாம் பளபளவென்று நிற்கின்றன. அவசியம் போய்ப் பாருங்க.

அதைப் பார்த்துவிட்டு நான் ஆற்காடு சாலையில் நடந்தேன். நாகிரெட்டியின் விஜயா வாகினி ஸ்டுடியோ இருந்த நிலத்தில் இப்போது மருத்துவமனையும் ஷாப்பிங் மாலும் இருக்கின்றன. 1957ல் ‘மாயாபஜார்’ எடுத்தவர்கள் இவர்கள்தான். அதில் கடோத்கஜனாக வந்த எஸ்.வி. ரங்காராவ் கல்யாண விருந்தை ஒத்தை ஆளாகத் தின்று தீர்ப்பார். மாலில் இன்று ஃபுட் கோர்ட் இருக்கிறது. ஆனால் இங்கே ஒரு ஸ்டுடியோ இருந்தது என்பது அங்கே சாப்பிடுகிறவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கேமராவுக்குச் சொந்தக்காரர் உண்டு, அதனால் தப்பித்தது. செட் அப்படியில்லை. படப்பிடிப்பு முடிந்ததும் பிரித்துப் போடத்தான் அதைக் கட்டினார்கள். அரண்மனை கட்டிய தச்சர், தூணுக்குப் பளிங்கு நிறம் பூசிய பெயின்டர், மேலே விளக்கோடு உட்கார்ந்திருந்த லைட்மேன் ஆகியோரின் வேலை படச்சுருளில் மட்டும்தான் மிச்சம். கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க அவர்களிடம் ஒன்றுமில்லை, பேச்சுதான் இருக்கிறது. அந்தத் தலைமுறையில் மிஞ்சியவர்களைத் தேடிப் போய் அதைப் பதிவு செய்யணும். அவர்களுக்கு வயசாகிக்கொண்டே போகிறது.