ஒட்டுமச்சம்

ஒட்டுமச்சம் என்பது, 16ஆம் நூற்றாண்டின் இறுதி முதல் 18ஆம் நூற்றாண்டின் இறுதி வரை மேற்கு ஐரோப்பாவின் மேல்தட்டுப் பெண்களும் ஆண்களில் சிலரும் முகத்திலும் கழுத்திலும் ஒட்டிக்கொண்ட கரிய துணுக்காகும். டாஃபெட்டா எனப்படும் மொடமொடப்பான பட்டு, வெல்வெட், மெல்லிய தோல் ஆகியவற்றை வட்டமாகவோ பிறையாகவோ விண்மீனாகவோ நறுக்கிப் பிசின் தடவி ஒட்டுவது வழக்கம். பிரான்சில் இதனை, ஈ என்னும் பொருளுடைய ‘மூஷ்’ என்னும் பெயரால் வழங்கினர்.

இதன் முன்னோடி உரோமில் காணப்படுகிறது. கன்னத்தின் குறையை மறைக்கும் சிறு தோல் துண்டைப் பற்றிக் கவிஞர் ஓவிட் குறிப்பிடுகிறார்; மற்றொரு கவிஞரான மார்ஷியலோ, அரங்கின் முன்வரிசையில் பகட்டாக வீற்றிருக்கும் ஒருவனின் நெற்றி ஒட்டுகளை உரித்தால் அவன் அடிமையாயிருந்தபோது பெற்ற சூட்டுக்குறி தெரியும் என்று எள்ளுகிறார். உரோமில் ஒட்டின் பணி மறைப்பதோடு முடிந்தது. குறையே அழகைக் கூட்டும் என்னும் கருத்து இங்கிலாந்தில் தெளிவாக வெளிப்படுவது 1578இல் ஜான் லிலி எழுதிய ‘யூஃபியூஸ்’ என்னும் உரைநடை நூலில். காதல் தெய்வமான வீனஸின் கன்னத்து மச்சம் அவளுடைய கவர்ச்சியை மிகுவித்ததாக அந்நூல் கூறுகிறது.

இக்கருத்துக்குப் பரவலான தேவையை உண்டாக்கியது பெரியம்மை. உயிர் பிழைத்தவர் முகத்தில் அது விட்டுச்சென்ற குழிகளை, ஈயத்தைப் புளிக்காடியின் ஆவியில் அரிக்கவிட்டுப் பெறும் வெள்ளைப் பூச்சால் நிரவினர். அதற்கும் அடங்காத தழும்பின்மேல் கரிய துணுக்கை ஒட்டினர். ஈயப்பூச்சு நஞ்சாகையால் நாளடைவில் தோலைக் கெடுக்க, ஒட்டுக்குப் புதிய இடங்களும் உண்டாயின. எனினும், மாசற்ற தோலுடையோரும் இதனைப் பூண்டதே இவ்வரலாற்றின் திருப்பமாகும். கரும்புள்ளி சுற்றியுள்ள தோலை மேலும் வெண்மையாகக் காட்டும் என்பது அவர்கள் கூறிய காரணம். ஆங்கிலேயரான சாமுவேல் பெப்பீஸின் நாட்குறிப்பு இவ்விரு பயன்களையும் அருகருகே காட்டுகிறது. 1660 நவம்பரில், தாம் இசைவளித்துக் கரும்பொட்டு அணிந்த மனைவி மிக அழகாகத் தோன்றினாள் என்று எழுதும் அவரே, 1667இல் நியூகாசில் கோமகள் மார்கரெட் கேவண்டிஷைக் கண்டபோது, வாயைச் சுற்றியுள்ள பருக்களை மறைக்கவே அவர் அத்தனை ஒட்டுகள் அணிந்திருப்பதாகக் குறித்துவைக்கிறார். கழற்றிவைக்கக்கூடிய குறைக்குக் கிடைத்த மதிப்பு, கழற்ற இயலாத குறைக்குக் கிடைக்கவில்லை; ஒட்டுமச்சத்தைக் குறைகளைப் போற்றிய பண்பாட்டின் சான்றாகக் கொள்வோர் இதைக் கவனிப்பதில்லை.

எதிர்ப்பும் எழுந்தது. முகப்பூச்சையும் கரும்பொட்டையும் தடுக்கும் மசோதா ஒன்று 1650இல் ஆங்கில நாடாளுமன்றத்தின் முன் வந்தது; ஆனால் அது சட்டமாகவில்லை. உடலை மாற்றியமைக்கும் வழக்கங்களைச் சாடிய மருத்துவர் ஜான் புல்வர், தம் நூலின் 1653ஆம் ஆண்டுப் பதிப்பில், குதிரைகள் பூட்டிய வண்டியின் வடிவிலேயே ஒட்டு அணிந்த பெண்ணின் படத்தைச் சேர்த்தார். ஜோசப் அடிசன் 1711இல் ‘ஸ்பெக்டேட்டர்’ இதழில் எழுதிய அங்கதக் கட்டுரையில், விக் கட்சிப் பெண்கள் நெற்றியின் ஒருபுறத்திலும் டோரி கட்சிப் பெண்கள் மறுபுறத்திலும் ஒட்டிக்கொண்டதையும், கட்சிக்கு ஒவ்வாத பக்கத்தில் இயற்கையாகவே மச்சம் அமைந்துவிட்ட ஒருத்தி அதனால் படும் இடரையும் வருணிக்கிறார்.

பிரான்சில் இவ்வழக்கம் மேலும் நுணுகியது. கண்ணின் ஓரத்தில் இட்டது வேட்கையுடையவள், நெற்றியில் இட்டது மாட்சியுடையவள், மூக்கில் இட்டது துடுக்குக்காரி என ஒவ்வோர் இடத்து ஒட்டுக்கும் ஒரு பெயர் வழங்கியது. வெள்ளி, தந்தம், ஆமையோடு ஆகியவற்றாலான கையடக்கப் பெட்டிகளில் துணுக்குகளைச் சேமித்தனர். உதிர்ந்ததை விருந்துக்கிடையிலேயே மீண்டும் ஒட்டிக்கொள்ள மூடியின் உட்புறத்தில் கண்ணாடி பதித்திருந்தனர். இங்கிலாந்தின் ஓவியர் வில்லியம் ஹோகார்த் இதே கரும்புள்ளியை மேகநோயின் அடையாளமாக்கினார். ‘மேரேஜ் அ லா மோட்’ ஓவிய வரிசையில் இளம் பிரபுவின் கழுத்திலுள்ள புள்ளியை அவ்வாறே அறிஞர் கொள்வர்.

1789இன் பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின் அரசவை ஒப்பனை மதிப்பிழந்து, பூச்சற்ற முகமே நாகரிகமாக, ஒட்டுமச்சமும் மறைந்தது. பெரியம்மைக்கு எட்வர்ட் ஜென்னர் 1796இல் கண்ட தடுப்புமுறை பரவி முடியுமுன்பே, தழும்பேறிய முகங்கள் எங்கும் மிகுந்திருந்த காலத்திலேயே இது வழக்கொழிந்தது.