ஓடினால் வரும் தலைவலி: ஒரு சின்ன வரலாறு



விளையாட்டு பீரியடில் ஒருவன் "சார், ஓடினா தலை வலிக்குது" என்று சொன்னால் வகுப்பே சிரிக்கும். நானும் சிரித்திருக்கிறேன். அது சாக்கு இல்லை, 2000 வருடங்களுக்கு மேலாகவே மருத்துவர்களுக்குத் தெரிந்த விஷயம் என்று பிறகுதான் படித்தேன். கணக்குப் பதிவியல் படிப்பவனுக்கு மருத்துவ வரலாற்றில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். சிரித்ததற்குப் பிராயச்சித்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் பழைய கிரேக்க மருத்துவ நூல்களிலேயே, உடற்பயிற்சியாலும் ஓட்டத்தாலும் வேட்டையாலும் தலைவலி வருபவர்களைப் பற்றிக் குறிப்பு இருக்கிறது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கேலன், தலையின் ஒரு பக்கம் மட்டும் வரும் வலியை 'ஹெமிக்ரேனியா' என்றார். 'பாதி மண்டை' என்று அர்த்தம். அந்தச் சொல்தான் தேய்ந்து தேய்ந்து 'மைக்ரேன்' ஆனது. நாம் சொல்லும் ஒற்றைத் தலைவலியும் இதுவேதான்.

ஆனால் உழைப்பால் வரும் தலைவலியைத் தனி நோயாகப் பார்க்க 20ஆம் நூற்றாண்டு வரவேண்டியிருந்தது. 1932இல் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் தினெல் இதைப் பற்றி எழுதினார். மண்டைக்குள் இருக்கும் சிரைகள் விரிவதால் வலி வருகிறது என்பது அவர் கருத்து. 1968இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த ரூக் என்ற மருத்துவர், இப்படி வலி வந்த 103 பேரை மூன்று வருடங்களும் அதற்கு மேலும் கவனித்து எழுதினார். அவர்களில் 10 பேருக்கு மூளையில் வேறு கோளாறு இருந்தது பின்னால் தெரிந்தது. மற்றவர்களுக்கு ஆபத்தான காரணம் எதுவும் இல்லை.

இந்தக் கணக்கு முக்கியமானது. பெரும்பாலும் பயப்பட வேண்டாம், ஆனால் அலட்சியமும் கூடாது. பயிற்சியின்போது முதல் தடவையாக, திடீரென்று, தாங்க முடியாத தலைவலி வந்தால் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இன்று மருத்துவர்கள் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்கிறார்கள். ஒன்று, உழைப்பால் மட்டுமே வரும் தலைவலி. இது 48 மணி நேரத்துக்குள் போய்விடும். வெயிலிலும் உயரமான மலைப்பகுதியிலும் அதிகம் வரும். மற்றொன்று, ஏற்கெனவே மைக்ரேன் உள்ளவருக்குப் பயிற்சி தூண்டிவிடும் தாக்குதல். குமட்டல், வெளிச்சம் பார்க்க முடியாமை எல்லாம் சேர்ந்து வரும்.

மைக்ரேன் விளையாட்டு வீரரை என்ன செய்யும் என்று உலகமே பார்த்த நாள் 1998 ஜனவரி 25. அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல். டென்வர் பிராங்கோஸ் அணியின் டெரல் டேவிஸுக்குச் சிறுவயதிலிருந்தே மைக்ரேன் உண்டு. முதல் கால் பகுதியில் தலையில் பட்ட அடி அதைக் கிளப்பிவிட்டது. கண் சரியாகத் தெரியவில்லை. இரண்டாவது கால் பகுதியின் பெரும்பகுதி வெளியே உட்கார்ந்திருந்தார். மருந்து வேலை செய்ததும் திரும்பி வந்து ஆடினார். மொத்தம் 157 கெஜம் ஓடி, மூன்று டச் டவுன் போட்டு, ஆட்ட நாயகன் ஆனார். அணி 31-24 என்று ஜெயித்தது.

எல்லோருக்கும் பக்கத்தில் அணி மருத்துவர் இருப்பதில்லையே... 2013இல் நெதர்லாந்தில் வெளியான ஆய்வில், மைக்ரேன் உள்ள 103 பேரில் 38 சதவீதம் பேர் பயிற்சியால் தாக்குதல் வந்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த விளையாட்டையே விட்டுவிட்டார்கள்! எனக்கு இதுதான் வருத்தம். ஏனென்றால் விடுவதைத் தவிர வேறு வழியும் இருந்தது.

1985இலேயே லாம்பர்ட், பர்னெட் என்ற இருவர், அளவோடு வார்ம் அப் செய்துவிட்டுத் தொடங்கினால் தாக்குதலைத் தடுக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். 2011இல் ஸ்வீடனில் மைக்ரேன் நோயாளிகள் 91 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாரம் மூன்று முறை 40 நிமிடப் பயிற்சி. இன்னொன்றுக்கு மனதையும் உடலையும் தளர்த்தும் பயிற்சி. மூன்றாவதற்கு டோபிராமேட் மாத்திரை. மூன்று குழுவிலும் தாக்குதல் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைந்தது. பக்கவிளைவு வந்தது மாத்திரைக் குழுவுக்கு மட்டும்தான்.

அதாவது, வலியைத் தூண்டும் அதே பயிற்சி, மெதுவாகவும் ஒழுங்காகவும் செய்தால் வலியைக் குறைக்கவும் செய்கிறது. வார்ம் அப், போதுமான தண்ணீர், உச்சி வெயிலைத் தவிர்ப்பது, தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லும் தடுப்பு மருந்து. இவ்வளவுதான் வழி.

அதனால் நண்பர்களே, "ஓடினா தலை வலிக்குது" என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள். நேராக மைதானத்துக்கும் தள்ளாதீர்கள். முதலில் நம்புங்கள். அப்புறம் கூடவே மெதுவாக நாலு சுற்று நடங்கள்.